எத்தனை மடங்கு என்பது கடைசிக் கேள்வி

கேள்வி: பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்து கொய்யாத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோப்புக்குள் சிமென்ட் மேஜை ஒன்று கட்டி, மணல் பை மேல் ஏர் ரைபிளை வைத்து (0.177, நம் நாட்டுத் தயாரிப்பு) 25 மீட்டரிலும் 50 மீட்டரிலும் காகித டார்கெட் சுடுகிறேன். இதற்கு பெஞ்ச்ரெஸ்ட் என்று பெயர், வெளிநாடுகளில் போட்டியே நடக்கிறது என்று மகன் சொல்கிறான். வயது அறுபதைத் தொடுகிறது. முன் குமிழும் டார்கெட்டும் இப்போது ஒருசேரத் தெரிவதில்லை. ஸ்கோப் போடலாம் என்று விசாரித்தேன். கடைக்காரர் 6-24x50 (6 முதல் 24 மடங்கு, 50 மில்லிமீட்டர் முன் லென்ஸ்) ஒன்றைக் காட்டி, நாளைக்குப் பெரிய ரைபிள் வாங்கினாலும் 300 மீட்டர், 1,000 கெஜம் வரை இதுவே போதும் என்கிறார். மகனோ 60 மடங்கு காட்டும் ஸ்கோப்பைத்தான் வாங்க வேண்டும் என்கிறான். எதை வாங்குவது?
– ஒரு வாசகர், புதிய ஆயக்குடி

பதில்: முக்கியமான ஒரு தகவல் உங்கள் கடிதத்தில் விட்டுப்போயிருக்கிறது. உங்கள் ரைபிள் ஸ்பிரிங்கில் இயங்குவதா, காற்றை அடைத்துச் சுடும் பி.சி.பி.யா? எந்த ஸ்கோப் வாங்கலாம் என்பதில் பாதி இதிலேயே முடிவாகிவிடும்.

ஸ்பிரிங் ரைபிளில் விசையை அழுத்தியதும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. அடுத்த கணமே பிஸ்டன் முனையில் போய் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் இழுக்கிறது. நீங்கள் பட்டாளத்தில் சுட்ட ரைபிள்களில் உதை ஒரே திசையில்தான் வரும். அவற்றுக்கென்று செய்த ஸ்கோப்பின் உள் லென்ஸுகள் அந்த ஒரு திசை உதையைத் தாங்கும்படிதான் பொருத்தப்பட்டிருக்கும். இப்படி முன்னும் பின்னும் குலுங்கினால் விலை உயர்ந்த ஸ்கோப்பும் கொஞ்ச நாளில் உள்ளுக்குள் தளர்ந்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நேற்று நடுவில் விழுந்த பெல்லட் இன்று இரண்டு விரல் தள்ளி விழும், நீங்கள் உங்கள் கையைச் சந்தேகிப்பீர்கள். அதனால் ஸ்பிரிங் ரைபிள் என்றால், அதைத் தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுத்தில் உத்தரவாதம் தரும் ஸ்கோப்பாகப் பாருங்கள். ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பொருத்தும் மவுண்டும் ஒற்றைத் துண்டாக, பின்னால் நகராமல் தடுக்கும் ஊசி உள்ளதாக இருக்க வேண்டும். பி.சி.பி. என்றால் இந்தக் கவலை கிடையாது. உதை இல்லை என்றே சொல்லிவிடலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் ரைபிளை மணல் பை மேல் நேரடியாக அழுத்தி வைத்தால், வைக்கும் இடம் ஒவ்வொரு முறை மாறும்போதும் பெல்லட் விழும் இடமும் மாறும். பைக்கும் ரைபிளுக்கும் நடுவே விரித்த உள்ளங்கையை வைத்து, இறுக்காமல், அது உதைக்கிறபடி உதைக்கவிட்டுச் சுட்டுப் பாருங்கள். குரூப், அதாவது ஓட்டைகள் விழும் கூட்டம், சுருங்குவதை அன்றைக்கே பார்ப்பீர்கள். பெஞ்ச்ரெஸ்டில் தீவிரமாக இறங்குவதானால் என்றாவது பி.சி.பி.க்கு மாறத்தான் வேண்டும். கையில் இருக்கும் பணத்தை முழுவதும் ஸ்கோப்பில் போட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைக்காரர் 24 மடங்கைச் சொன்னார், மகன் 60 மடங்கைச் சொல்கிறார். இரண்டு பேரும் சொல்லாத விஷயம் பேரலாக்ஸ். ஸ்கோப்புக்குப் பின்னால் தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். குறுக்குக் கோடு டார்கெட்டின் மேல் நகர்வது போலத் தெரிந்தால், அந்த ஸ்கோப் உங்கள் தூரத்துக்குச் சரிசெய்யப்படவில்லை என்று அர்த்தம். பெரிய ரைபிளுக்கான ஸ்கோப்புகளில் பல 100 கெஜத்துக்கு, அதாவது சுமார் 91 மீட்டருக்கு, மாற்ற முடியாதபடி அமைக்கப்பட்டு வருகின்றன. முன் லென்ஸ் 40 மில்லிமீட்டர் உள்ள அப்படிப்பட்ட ஸ்கோப்பை 25 மீட்டரில் பயன்படுத்தினால், கண் ஓரத்துக்கு விலகும்போது குறி அதிகபட்சம் 14 மில்லிமீட்டர் வரை தவறலாம். உங்கள் பெல்லட்டின் விட்டமே 4.5 மில்லிமீட்டர்தான்! மூன்று பெல்லட் அகலத்துக்குத் தவறு, அதுவும் உங்கள் கை மேல் எந்தக் குற்றமும் இல்லாமல்.

ஆகவே முன் லென்ஸ் வளையத்திலோ இடப்பக்கக் குமிழிலோ ஃபோகஸ் மாற்றும் வசதி இருந்தே தீர வேண்டும். அது 10 மீட்டர் அளவிலிருந்தே தொடங்குகிறதா என்று கேளுங்கள். சில ஸ்கோப்புகளில் 25 கெஜம், சிலவற்றில் 50 கெஜத்திலிருந்துதான் ஃபோகஸ் ஆரம்பிக்கும். 50 கெஜம் என்பது ஏறக்குறைய 46 மீட்டர். அப்படிப்பட்டதை வாங்கினால் உங்கள் 25 மீட்டர் டார்கெட் எந்நாளும் மங்கலாகத்தான் தெரியும். ஹாக் போன்ற நிறுவனங்கள் ஏர்கன்னுக்கென்றே கிட்டத்து ஃபோகஸ் உள்ள ஸ்கோப்புகளைச் செய்கின்றன. குமிழில் அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். தலையை அசைத்தாலும் கோடு நகராத இடம்தான் சரியான இடம். அங்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து கிளிக். குறியை நகர்த்த மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்றாக இருக்கும் டர்ரெட்டைத் திருப்பினால் கேட்கும் சத்தம். கோணத்தின் ஒரு நிமிடம், எம்.ஓ.ஏ. என்கிறார்களே அது, 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர். 50 மீட்டரில் 14.5, 25 மீட்டரில் 7.3. கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. என்றால் உங்கள் 25 மீட்டரில் ஒரு கிளிக் 1.8 மில்லிமீட்டர் நகர்த்தும். இது போதும். மில் என்ற இன்னொரு கோண அளவில் வரும் ஸ்கோப் என்றால் ஒரு கிளிக் 25 மீட்டரில் 2.5 மில்லிமீட்டர்; அதுவும் பரவாயில்லை. பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் விரும்புவது அரைக்கால் எம்.ஓ.ஏ. கிளிக். ஆனால் கிளிக் எவ்வளவு சிறியது என்பதைவிட, சொன்னபடி நகர்கிறதா, திரும்பி வந்தால் அதே இடத்துக்கு வருகிறதா என்பதுதான் ஸ்கோப்பின் தரம். மலிவான ஸ்கோப்புகள் தோற்பது கண்ணாடியில் அல்ல, இங்கேதான்.

இதை உங்கள் தோப்பிலேயே சோதிக்கலாம். உயரமான அட்டை ஒன்றில், கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நேர்க்கோடு ஒன்று வரையுங்கள். 25 மீட்டரில் கோட்டின் அடிப்பகுதியில் குறி வைத்து ஐந்து சுடுங்கள். பிறகு மேல் டர்ரெட்டில் 20 எம்.ஓ.ஏ., கால் கிளிக் என்றால் 80 கிளிக், மேல்நோக்கித் திருப்பி, அதே அடிப்புள்ளியைக் குறி வைத்து மேலும் ஐந்து. இரண்டு குரூப்புக்கும் நடுவே 145 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மேல் குரூப் கோட்டின் மேலேயே விழ வேண்டும். பக்கவாட்டில் விலகினால் ஸ்கோப் சாய்ந்து மாட்டப்பட்டிருக்கிறது. உயரம் குறைந்தாலோ கூடினாலோ கிளிக் பொய் சொல்கிறது. மறுபடி 80 கிளிக் இறக்கிச் சுடுங்கள். பழைய ஓட்டைகளோடு சேர வேண்டும். சேராத ஸ்கோப்பை எவ்வளவு பெரிய பெயர் பொறித்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெரிய பிராண்டுகளின் பெயரில் போலிகள் உலவுகின்றன. அவற்றைப் பிடிக்கவும் இதைவிட நல்ல வழி கிடையாது. வாங்கும்போதே, சோதித்துப் பார்த்துத் திருப்பித் தர சில நாள் அவகாசம் கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது மடங்குக்கு வருகிறேன். மகன் சொல்வது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வளர்ந்த இந்த விளையாட்டில் 36, 40, 45 என்று மாறாத மடங்குள்ள ஸ்கோப்புகள்தான் நெடுங்காலம் ஆண்டன. லியூபோல்ட் 45x45, சைட்ரான் 36x, வீவர் டி-36 எல்லாம் அந்த வரிசை. பிறகு நைட்ஃபோர்ஸ் 15-55x52, மார்ச் 10-60x52 போன்றவை வந்தன. அங்கே போட்டியே, ஐந்து அல்லது பத்து குண்டுகளை எவ்வளவு சின்ன வட்டத்துக்குள் அடக்குகிறாய் என்பதுதான். முந்தைய ஓட்டையின் விளிம்பைப் பார்த்துக் குறி வைக்கிறவர்களுக்கு 45 மடங்கு தேவைப்படுகிறது. நீங்கள் படையில் பார்த்திருக்கக்கூடிய டிராகுனோவ் ரைபிளின் பி.எஸ்.ஓ.-1 ஸ்கோப் வெறும் 4 மடங்கு, 24 மில்லிமீட்டர் லென்ஸ். அதை வைத்துத்தான் பல நூறு மீட்டருக்குச் சுடுகிறார்கள். ஆள் அளவு இலக்குக்கு அது போதும். பொட்டு அளவு இலக்குக்குப் போதாது. வேலை வேறு, கருவி வேறு.

ஆனால் மடங்கைக் கூட்டக் கூட்ட மூன்றை இழக்கிறோம். முதலாவது வெளிச்சம். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் 24 மடங்கு என்றால் 2.1 மில்லிமீட்டர், பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி திறந்திருக்கும் அளவும் ஏறக்குறைய அவ்வளவுதான். 52 மில்லிமீட்டரில் 60 மடங்கு என்றால் 0.9 மில்லிமீட்டருக்கும் குறைவு. அறுபது வயதுக் கண்ணுக்கு அது மங்கல். தலையை இம்மி அசைத்தாலும் படம் கறுத்துப்போகும். இரண்டாவது, பார்வைப் பரப்பு. அடுத்த டார்கெட் எங்கே என்று தேட வேண்டியிருக்கும், காற்றுக்கொடியும் கண்ணில் படாது. மூன்றாவதுதான் உங்கள் ஊருக்கு முக்கியம்: கானல்.

பழநி மலையடிவாரத்துச் சமவெளியில் வெயில் ஏறிவிட்டால் செம்மண் அனலாய்க் கக்கும். அந்தக் காற்று டார்கெட்டுக்கும் உங்களுக்கும் நடுவே நெளிந்துகொண்டே இருக்கும். 45 மடங்கில் பார்த்தால் டார்கெட்டோடு சேர்ந்து அந்த நெளிவும் 45 மடங்காகும்; கறுப்பு வட்டம் தண்ணீருக்கடியில் கிடப்பது போல ஆடும், எதன் நடுவில் குறி வைப்பது என்றே தெரியாது. அந்த நேரத்தில் அமெரிக்கச் சாம்பியனும் 20-க்கு இறக்கித்தான் சுடுவார். ஆகவே மாறாத 36, 45 மடங்கு ஸ்கோப்புகள் நம் பக்கத்துக்கு வேண்டாம் என்பது என் திடமான கருத்து. கூட்டிக் குறைக்க முடிகிற 6-24, 8-32 போன்றவைதான் பொருத்தம்.

கானல் எதிரி மட்டும் அல்ல, காற்றைச் சொல்லும் ஆளும் அதுவே. ஃபோகஸ் குமிழைக் கொஞ்சம் திருப்பி டார்கெட்டுக்குச் சற்று முன்னால் ஃபோகஸ் வைத்துப் பாருங்கள்: நெளிவு இடமிருந்து வலமாக ஓடினால் காற்றும் அப்படித்தான். நேர் மேலே கொதிப்பது போல எழுந்தால், காற்று இல்லை, அல்லது நேர் எதிரிலிருந்தோ பின்னாலிருந்தோ வருகிறது. இதைப் படிக்கக் கற்றுக்கொள்வது 60 மடங்கு ஸ்கோப்பைவிட அதிகப் புள்ளி தரும்.

ஏனென்றால் உங்கள் 4.5 மில்லிமீட்டர் பெல்லட் காற்றுக்கு மிகவும் எளிதில் இடம் கொடுக்கும். மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில், இலை மட்டும் அசைகிற பக்கவாட்டுத் தென்றலிலேயே 25 மீட்டரில் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். 50 மீட்டரில் அதுபோல நான்கு மடங்குக்கும் மேல். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உடுமலை, பழநிப் பக்கம் வீசும் மேல்காற்றை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேஜையை எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இடம் இருந்தால் மேஜை கிழக்கு ஓரத்திலும் டார்கெட் மேற்கிலும் இருக்கட்டும். மேல்காற்று எதிரிலிருந்து வரும், பக்கவாட்டுத் தள்ளல் குறையும். காலை வெயில் முதுகுப் பக்கம் விழும், ஸ்கோப்புக்குள் சூரியன் அடிக்காது. காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் சுட்டு முடித்துவிடுங்கள். கானலும் காற்றும் அதற்குப் பிறகுதான் விழிக்கும். மேஜைக்கும் டார்கெட்டுக்கும் நடுவே மூன்று இடத்தில் குச்சி நட்டு மெல்லிய ரிப்பன் கட்டுங்கள். டார்கெட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண் கரை வேண்டும். கரையைத் தாண்டிக் களத்துமேட்டுப் பாதையோ காய் பறிப்பவர்கள் நடமாடும் வரிசையோ இருக்கவே கூடாது. ஏர் ரைபிள்தானே என்று நினைக்க வேண்டாம். தடுப்பு இல்லாவிட்டால் பெல்லட் சில நூறு மீட்டர் போகும், கண்ணைப் பறிக்கும்.

ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோட்டை ரெட்டிகிள் என்பார்கள். அதில் அதிகம் யோசிக்க வேண்டாம். கோடு மெல்லியதாக, நடுவில் சிறு புள்ளியோடு, காற்றுக்குத் தள்ளி வைக்கப் பக்கவாட்டுக் கோட்டில் சில அடையாளங்களோடு இருந்தால் போதும். மடங்கைக் கூட்டும்போது கோடும் சேர்ந்து தடிக்காத இரண்டாம் தள ரெட்டிகிளைக் கேளுங்கள். கிறிஸ்துமஸ் மரம் போலக் கோடு நிறைந்தவை, தூரம் மாறிக்கொண்டே இருக்கும் போட்டிகளுக்கானவை. நீங்கள் சுடுவது அளந்து வைத்த தூரம்.

கடைக்காரரின் "300 மீட்டர், 1,000 கெஜம்" பேச்சுக்கு வருவோம். 20 ஜூல் ஆற்றலுக்கும் 0.177 அங்குல விட்டத்துக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். 2016-ஆம் வருட ஆயுத விதிகள் அப்படிச் சொல்கின்றன. அதைத் தாண்டினால், 0.22 ரைபிளாக இருந்தாலும், 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியரிடம் போகும். உரிமம் கிடைத்தாலும் தோப்பில் சுட முடியாது. அனுமதி பெற்ற ரேஞ்சில்தான் பயிற்சி. 1,000 கெஜம் சுடுவதற்கு நம்மைப் போன்ற பொதுமக்களுக்கு இந்தப் பக்கத்தில் இடம் இல்லை. அந்தத் தூரத்துக்கான ஸ்கோப் உள்ளுக்குள் நிறைய ஏற்ற இறக்கம் உடையதாக, 30 அல்லது 34 மில்லிமீட்டர் குழாயோடு, சாய்வான ரெயில் மீது மாட்டப்படுவது. எஃப்-கிளாஸ் என்னும் தொலைதூரப் போட்டியில் ஸ்கோப்பையும் சேர்த்தே ரைபிளின் எடையைக் கணக்கிடுகிறார்கள். ஓப்பன் பிரிவில் 10 கிலோ, டி.ஆர். பிரிவில் 8.25 கிலோ. உங்கள் ஏர் ரைபிளுக்கும் அப்படிப்பட்ட ரைபிளுக்கும் ஒரே ஸ்கோப் என்பது நடக்காத காரியம். இல்லாத ரைபிளுக்காக இன்றைக்கே பணம் கொடுக்க வேண்டாம்.

நம் ஊர்க் கடைகளில் ஸ்கோப் பற்றிய அறிவு குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1951-இல், பின்னர் மக்களவையின் முதல் சபாநாயகரான மாவ்லங்கரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய தேசிய ரைபிள் சங்கம் முதல் இன்று வரை இங்கே வளர்ந்தது ஒலிம்பிக் பாணிச் சுடுதல். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது, 2024-இல் பாரிஸில் 50 மீட்டரில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் வென்றது எல்லாமே துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்டில். அந்த ரைபிள் போட்டிகளில் துப்பாக்கி மேல் ஸ்கோப் மாட்ட அனுமதியே இல்லை. பக்கத்தில் ஸ்டாண்டில் வைத்துப் பார்க்க டெலஸ்கோப் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஓடும் இலக்குப் போட்டிக்கு மட்டும் விலக்கு. அதனால் ஸ்கோப் வைத்துப் பழகிய பயிற்சியாளர்கள் இங்கே அபூர்வம். மகன் சொன்ன பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் ஏர் ரைபிளுக்கு 25 மீட்டரில் தனிப் பிரிவுகள் உண்டு: ஒரு அட்டையில் 25 வட்டம், 250 புள்ளி. லேசான பிரிவில் ஸ்கோப்போடு சேர்த்து ரைபிள் 4.76 கிலோவைத் தாண்டக் கூடாது. உங்கள் தோப்பில் அந்த அட்டையை வைத்தே பழகலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கொய்யாவைக் கொத்தும் கிளியும், விதைப்பைக் கிளறும் மயிலும் உங்களுக்குக் கோபம் தரும் என்று தெரியும். ஸ்கோப் மாட்டிய துப்பாக்கி கையில் இருக்கும்போது வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஆசை வரும். மயில் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. கிளிக்கும் அதே சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது இதற்கு விலக்கு ஆகாது. ரைபிளையும் பெல்லட்டையும் தனித்தனியே பூட்டி வையுங்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்தால் போதும். செம்மண் தூசியை வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். முதலில் காற்று ஊதி நீக்கிவிட்டு, அதற்கென்ற துணியால் துடையுங்கள்.

என் முடிவு இது. கடைக்காரர் காட்டிய 6-24x50-ஐ மடங்குக்காக மறுக்க வேண்டாம். உங்கள் 25, 50 மீட்டருக்கு 24 மடங்கு தாராளம். அது 10 மீட்டரிலிருந்து ஃபோகஸ் ஆகிறதா, உங்களது ஸ்பிரிங் ரைபிள் என்றால் அதன் உதைக்கு உத்தரவாதம் உண்டா, நான் சொன்ன 145 மில்லிமீட்டர் சோதனையில் தேறுகிறதா என்ற மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்குங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் விட்டுவிடுங்கள். 60 மடங்கு வேண்டாம் என்று மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல மவுண்ட், முன்னும் பின்னுமாக இரண்டு நல்ல மணல் பை, நான்கைந்து வகை பெல்லட் டப்பாக்கள் வாங்கி, எந்தப் பெல்லட்டை உங்கள் குழல் விரும்புகிறது என்று பாருங்கள். மதுரையிலும் கோவையிலும் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. பணம் கட்டும் முன் அங்கே ஒரு நாள் போய், யாரிடமாவது ஸ்கோப் மாட்டிய ரைபிள் இருந்தால் கேட்டு, காலை வெயிலில் ஒரு முறை, பதினோரு மணி வெயிலில் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். ரைபிள் ஸ்பிரிங்கா, பி.சி.பி.யா என்பதை எழுதினால் மவுண்ட் பற்றி அடுத்த இதழில் விரிவாகச் சொல்கிறேன்.